முப்பத்தொன்றாம் தேதிக்கும் டிக்

பாதுகாப்பு வாரத்துக்காக எங்கள் கம்பெனியில் மலர் போடுகிறார்களாம். அதில் ஓய்வு பெற்றவர்களின் அனுபவம் என்று ஒரு பகுதி உண்டாம். ஆபீசிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "சார், ரெண்டு பக்கம் போதும் சார். கொஞ்சம் பாசிட்டிவா எழுதுங்க. இப்ப டிரெய்னிங் எல்லாம் டேப்லட்ல வந்துருச்சுங்க, அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சுன்னு புதுசா வர்றவங்க தெரிஞ்சிக்கணும்" என்றாள். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. பாசிட்டிவாகவும் வரவில்லை. அவர்கள் போடாவிட்டால் நீங்களாவது படித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் மாதையன். காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஊர். எங்கள் தருமபுரி மாவட்டத்தில் பஸ் ஸ்டாண்டில் நின்று "மாதையா" என்று கூப்பிட்டால் குறைந்தது நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதில் நான் ஒருவன். நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பிரஸ் ஷாப்பில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். பிரஸ் என்றதும் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற இடம் என்று நினைக்க வேண்டாம். இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டி, இரு சக்கர வண்டிகளுக்குச் சின்னச் சின்ன பாகங்கள் செய்கிற இடம். முதலில் ஆபரேட்டர், பிறகு சூப்பர்வைசர், கடைசி ஆறு வருடம் பயிற்சியாளர். நான் எப்படிப் பயிற்சியாளர் ஆனேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். தகுதியால் ஆகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பெற்ற பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பு இரண்டு வருடம். அதில் ஆறு மாதம் ஒரு இரும்புத் துண்டை அரத்தால் ராவிச் சதுரமாக்கினேன். அது ஒரு வழியாகச் சதுரமானபோது தீப்பெட்டி அளவுக்கு வந்திருந்தது. பிறகு ஓசூரில் ஒரு வருடம் அப்ரண்டிஸ். அங்கே டீ வாங்கப் பழக்கினார்கள். எந்த செக்‌ஷனுக்குச் சர்க்கரை வேண்டாம், எந்த செக்‌ஷனுக்கு ஸ்ட்ராங் என்பது இன்றைக்கும் மறக்கவில்லை. கடைசியில் இந்தக் கம்பெனிக்கு வந்த முதல் நாள், ஒரு சீனியர் பிரஸ் முன்னால் என்னை நிறுத்தி, "தகட்ட இங்க வை. பட்டன அமுக்கு. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு பீடி பிடிக்கப் போய்விட்டார். பயிற்சி முடிந்தது.

அவர் சொன்னதும் பொய்யில்லை, பிரஸ் அப்படியொன்றும் சிக்கலான மெஷின் இல்லை. கீழே ஒரு அச்சு, மேலே ஒரு அச்சு. நடுவில் தகட்டை வைத்தால் மேலே இருப்பது இறங்கி வெட்டும். நடுவில் என்ன இருக்கிறது என்று அது விசாரிப்பதில்லை. அதனால்தான் இடது பக்கம் ஒரு பட்டன், வலது பக்கம் ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருக்கும்போது அச்சுக்கு நடுவில் வைக்க யாருக்கும் மூன்றாவது கை கிடையாது. இதைக் கண்டுபிடித்தவன் நல்ல மனிதன். ஆனால் அவன் எங்கள் மாவட்டத்துக்கு வந்து பார்த்ததில்லை.

எங்கள் பக்கம் புளிக்குப் பேர் போனது. மாசி, பங்குனியில் பாப்பாரப்பட்டிப் பக்கம் வீட்டுக்கு வீடு புளி தட்டிக் கொட்டை எடுப்பார்கள். வேலைக்கு வருகிறவர்களின் சட்டைப் பையிலும் சாப்பாட்டுப் பையிலும் கை விட்டால் நாலு கொட்டையாவது வரும். பிரஸ்ஸின் பட்டனைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் உண்டு. பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்த இடுக்கில் ஒரு புளியங்கொட்டையைத் திணித்தால் பட்டன் உள்ளேயே நின்றுவிடும். அதற்கப்புறம் ஒரு கையால் மற்றப் பட்டனை அழுத்தலாம், இன்னொரு கையால் தகட்டை வைத்து எடுக்கலாம். ஷிஃப்டுக்குக் கொடுத்த டார்கெட் சாப்பாட்டு மணிக்கு முன்னாலேயே முடிந்துவிடும்.

இதற்குப் பின்னால் பெரிய ஆராய்ச்சி இருந்தது. முதலில் காசு வைத்துப் பார்த்தார்கள். பளபளவென்று தூரத்திலேயே தெரிந்தது. அட்டையை மடித்து வைத்தார்கள். எண்ணெயில் ஊறி நைந்து போனது. புளியங்கொட்டை நையவும் இல்லை, உடையவும் இல்லை, கிரீஸ் படிந்த வளையத்தோடு நிறத்திலும் ஒத்துப்போனது. இப்போது வருகிற மெஷின்கள் ஒரு பட்டன் அமுங்கியே கிடந்தால் கண்டுபிடித்து நின்றுவிடும். எங்களுடையவை வேறு யாரோ ஓட்டிக் களைத்து விற்ற பழைய மெஷின்கள். அவற்றுக்கு அவ்வளவு விவரம் கிடையாது.

இது எல்லோருக்கும் தெரியும். ஆபரேட்டராக இருந்தபோது நானும் கொட்டை வைத்தவன்தான். சூப்பர்வைசர் ஆன பிறகு நான் வைக்கவில்லை. வைத்திருப்பதைப் பார்க்காமல் நடந்து போகக் கற்றுக்கொண்டேன். அதற்குத்தான் பதவி உயர்வு என்று பெயர்.

இந்த நிலையில் பயிற்சிக்கும் பாதுகாப்புக்கும் மேனேஜராகச் சென்னையிலிருந்து பிரபாகர் சார் வந்து சேர்ந்தார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பெருக்க வரும் அம்மா முதல் முதலாளியின் டிரைவர் வரை எல்லோரையும் "ஃப்ரெண்ட்" என்பார். நாற்காலியில் உட்கார மாட்டார். மேசை விளிம்பில் பாதி உட்கார்ந்து ஒரு காலை ஆட்டிக்கொண்டே பேசுவார். கையில் நான்கு நிற மை உள்ள ஒரு பேனா இருக்கும். பேசுகிறவர் சொல்வது பிடித்திருந்தால் பச்சை மையை வெளியே தள்ளுவார், பிடிக்காவிட்டால் சிவப்பு. நாங்கள் அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பேனா முனையைப் பார்த்துப் பேசப் பழகியிருந்தோம்.

பயிற்சி நடந்ததா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. "எவிடன்ஸ் இருக்கா ஃப்ரெண்ட்?" என்றுதான் கேட்பார். எவிடன்ஸ் என்றால் தாள். தாளில் கையெழுத்து. அவர் வந்ததும் முதல் வேலையாகக் குளிர்சாதனம் வைத்த பயிற்சி அறை ஒன்றைக் கட்டச் செய்தார். தரை முழுக்க விரிப்பு போட்டிருந்ததால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதற்குள் பயிற்சி நடத்தினால் அழுக்காகிவிடும் என்பதால் பூட்டியே வைத்திருந்தோம். வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆட்கள் வரும் நாளில் மட்டும் திறப்போம்.

பயிற்சிக்கான கையெழுத்துகள் கேன்டீனில் வாங்கப்பட்டன. சாப்பிடும் நேரத்தில் தாளை நீட்டுவேன். இடது கையால் போடத் தெரிந்தவர்கள் இடது கையால் போடுவார்கள், மற்றவர்கள் கையை நக்கிவிட்டுப் போடுவார்கள். சாம்பார்க் கறை விழுந்த தாள்களைப் பிரபாகர் சார் திருப்பி அனுப்பிவிடுவார். புதுத் தாளில் மறுபடி கையெழுத்து வாங்க வேண்டும். அந்த வகையில் சில பேர் ஒரே பயிற்சியை இரண்டு முறை முடித்திருக்கிறார்கள்.

அடுத்து சுவரில் ஒரு பெரிய பலகை வந்தது. யார் யாருக்கு எந்த வேலை தெரியும் என்று காட்டுகிற பலகை. ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு வட்டம், ஒவ்வொரு வட்டத்திலும் நான்கு கால் பாகங்கள். வேலையைப் பார்த்திருந்தால் கால் வட்டம், பக்கத்தில் ஆள் நின்றால் செய்வார் என்றால் அரை வட்டம், தனியாகச் செய்வார் என்றால் முக்கால், பிறருக்குச் சொல்லித் தரும் அளவுக்குத் தேறியிருந்தால் முழு வட்டம். ஒரு ஆள் கால் வட்டத்திலிருந்து முழு வட்டத்துக்கு வர ஒரு வருடமாவது ஆகும். நாங்கள் ஆடிட்டுக்கு முந்தின நாள் மத்தியானம் பச்சை மார்க்கரால் அறுபது பேரையும் தேற்றினோம். நான்தான் தீட்டினேன். கோட்டுக்கு வெளியே போகாமல் தீட்டுகிறேன் என்று பிரபாகர் சார் பாராட்டினார்.

அறுபதில் ஒருத்தி சகாயமேரி. பாப்பாரப்பட்டிப் பக்கம் வேதக்காரக் குடும்பம். புருஷன் மானாவாரி நிலத்தில் ராகியும் அவரையும் போடுகிறவர். மழை பெய்தால் அவர் விவசாயி, பெய்யாவிட்டால் கூலி வேலைக்குப் போவார். இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் மாதா மாதம் நிச்சயமாக வருவது இவள் சம்பளம் ஒன்றுதான். பேக்கிங்கில் பெட்டிக்கு லேபிள் ஒட்டும் வேலை பார்த்தாள். கண்ணில் படும் எழுத்தை எல்லாம் முழுசாகப் படித்துவிடும் பழக்கம் உள்ளவள். லேபிளில் ஒரு நம்பர் மாறியிருந்தாலும் பெட்டியைத் தனியாக எடுத்து வைத்துவிடுவாள். கேன்டீனில் நான் தாளை நீட்டியபோது அவள் ஒருத்திதான், "என்ன டிரெய்னிங்குங்க சார் இது? எப்பங்க நடந்துச்சு?" என்று கேட்டாள். "நாளைக்கு ஆடிட்டும்மா, போடு" என்றேன். போட்டாள். அந்தத் தாளும் மார்க்கரும் சேர்ந்து, அவளுக்கே தெரியாமல் அவளைப் பிரஸ் ஓட்டத் தெரிந்தவளாக ஆக்கிவிட்டன.

இன்னொரு தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிரஸ்ஸிலும் ஒரு சோதனைத் தாள் தொங்கும். ஷிஃப்ட் தொடங்கும்போது சூப்பர்வைசர் நான்கு விஷயம் பார்க்க வேண்டும். இடது பட்டனை மட்டும் அழுத்தினால் அச்சு இறங்கக் கூடாது. வலது பட்டனை மட்டும் அழுத்தினாலும் இறங்கக் கூடாது. இரண்டையும் அழுத்தினால் இறங்க வேண்டும். இறங்கும்போது பாதியில் ஒரு கையை எடுத்தால் நின்றுவிட வேண்டும். நான்கும் சரியாக இருந்தால் அன்றைய கட்டத்தில் ஒரு டிக். ஒரு பிரஸ்ஸுக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது. எனக்குப் பதினொரு பிரஸ். அந்த இருபது நிமிஷத்தை மிச்சம் பிடிக்க, நான் மாதத்தின் முதல் நாளே உட்கார்ந்து மாதம் முழுவதற்கும் டிக் போட்டுவிடுவேன். தாளில் முப்பத்தொரு கட்டம் இருக்கும். முப்பத்தொன்றையும் நிரப்பிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். எடுத்த வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

இப்போது அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். பன்னிரண்டாம் தேதி, காலை ஷிஃப்ட். நாலாம் நம்பர் பிரஸ் ஓட்டுகிறவன் வரவில்லை. கம்பைநல்லூரில் மச்சான் கல்யாணம் என்று முந்தின நாளே சொல்லியிருந்தான், நான்தான் மறந்துவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு லாரி கிளம்ப வேண்டும். சுவரில் இருந்த பலகையைப் பார்த்தேன். நாலாம் நம்பருக்கு நேராக முழு வட்டம் வாங்கியவர்களில் அன்றைக்கு வேறு மெஷினில் இல்லாமல் கைக்கு எட்டியது சகாயமேரி. நான் தீட்டிய வட்டத்தை நான் நம்பவில்லை. ஆனால் அது சுவரில் இருந்தது. யாராவது கேட்டால் கையை நீட்டிக் காட்டலாம்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்களே சார்" என்றாள்.

"தெரியும்னு சொவுத்துல எழுதியிருக்குது பாரும்மா" என்றேன்.

அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். பிரஸ்ஸுக்கு அழைத்துப்போய், தகட்டை எப்படி வைப்பது, வெட்டியதை எப்படி எடுப்பது என்று காட்டினேன். என்னிடம் முன்பு அந்த சீனியர் சொன்னதைவிட இரண்டு வாக்கியம் அதிகமாகவே சொன்னேன். வலது பட்டனை அழுத்திக் காட்டினேன். அச்சு இறங்கி ஏறியது. அவள் குனிந்து மறுபக்கத்தைப் பார்த்தாள்.

"சார், இந்தப் பக்கம் ஒரு பட்டன் உள்ள போயி கெடக்குதுங்களே. அது எதுக்குங்க?"

நானும் பார்த்தேன். இரவு ஷிஃப்டில் ஓட்டியவன் வைத்த கொட்டை இடுக்கில் அப்படியே இருந்தது. பட்டனுக்கும் வளையத்துக்கும் நடுவில், எண்ணெய் பூசிக்கொண்டு, நன்றாகத் தெரிந்தது.

"அத ஒண்ணும் தொடாதம்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"செரிங்க சார்."

இந்தப் பதிலைச் சொல்ல எனக்கு மூன்று வினாடி ஆகியிருக்கும். கொட்டையை நெம்பி எடுக்க ஐந்து வினாடி ஆகியிருக்கும். இரண்டு வினாடி மிச்சம் பிடித்தேன்.

ஒன்பதரை மணி இருக்கும். ஒரு தகடு கொஞ்சம் கோணலாக உட்கார்ந்துவிட்டது. அதை நேராக்க இடது கை உள்ளே போயிருக்கிறது. வலது கை அதற்குள் பழகிவிட்ட வேகத்தில் பட்டனை அழுத்திவிட்டது. அவள் கத்தவில்லை. "சார்" என்று ஒரு தடவை கூப்பிட்டாள், சந்தேகம் கேட்கிற குரலில். நான் ஓடிப்போனபோது இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். நடுவிரலும் மோதிர விரலும் முதல் கணுவுக்கு மேல் இல்லை.

துண்டைச் சுற்றி, கம்பெனி வேனில் தருமபுரிக்குக் கொண்டுபோனேன். பாதி வழியில் அவள் கேட்டாள்: "சார், பன்னண்டு மணி லாரிக்குப் பீஸ் பத்துமுங்களா?" எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

திரும்பி வந்தபோது நாலாம் நம்பர் பிரஸ்ஸைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். பிரபாகர் சார் கொட்டையை எடுத்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, மேலே லேபிள் ஒட்டி, தேதியும் நேரமும் எழுதிக்கொண்டிருந்தார். அத்தனை வருடத்தில் அவர் கையில் உண்மையான எவிடன்ஸ் ஒன்று கிடைத்தது அன்றைக்குத்தான். என் தோளில் கை வைத்து, "கவலைப்படாதீங்க ஃப்ரெண்ட். நம்ம பேப்பர் எல்லாம் பக்காவா இருக்கு. ட்ரெய்னிங் குடுத்திருக்கோம், மெஷின் தினமும் செக் பண்ணியிருக்கோம். அவங்களாதான் கொட்டையை வச்சிருக்காங்க" என்றார். பச்சை மை வெளியே வந்திருந்தது. எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

அவளுக்கு நோட்டீஸ் போனது. பாதுகாப்பு ஏற்பாட்டை வேண்டுமென்றே முடக்கினார், அதனால் ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். விரல் போனதோடு வேலையும் போக வேண்டும். கையைத் தானே கெடுத்துக்கொண்டவள் என்ற பெயரோடு போனால் வேறு எந்தக் கம்பெனியும் கேட்டுக்குள் விடாது. ஒரு வாரம் கழித்து, பத்தொன்பதாம் தேதி விசாரணை. அதற்காகப் பயிற்சி அறையைத் திறந்தார்கள். வாசலில் மூன்று ஜோடிச் செருப்பு: பிரபாகர் சாருடையது, என்னுடையது, சகாயமேரியுடையது. குளிர் அதிகமாக இருந்தது. கட்டுப் போட்ட கையை அவள் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

பிரபாகர் சார் மேசை விளிம்பில் பாதி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முதலில் கவரில் இருந்த கொட்டை. அடுத்து பயிற்சித் தாள். அதில் இருந்தது அவள் கையெழுத்தேதான். பலகையின் போட்டோ, முழு வட்டம். கடைசியாகச் சோதனைத் தாள். "மெஷின் நல்லா இருந்ததுக்கு இதுதாம்மா எவிடன்ஸ். பன்னிரண்டாம் தேதி காலையில செக் பண்ணி டிக் இருக்கு பாருங்க. அப்போ அந்த டிக்குக்கு அப்புறம்தானே கொட்டை வந்திருக்கணும்?" என்றார் மெதுவாக.

சகாயமேரி வலது கையை நீட்டித் தாளை வாங்கினாள். எங்களைப் போல அவள் ஒரு கட்டத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பெட்டி லேபிளைப் படிக்கிற மாதிரி ஆரம்பத்திலிருந்து கடைசி வரை படித்தாள்.

"சார், இது இந்த மாசத்துத் தாளுங்களா?"

"ஆமாம்மா."

"இன்னிக்கு பத்தொம்பதுங்களா?"

"ஆமாம்."

"முப்பத்தொண்ணு வரைக்கும் டிக்கு இருக்குதுங்களே."

பிரபாகர் சார் காலை ஆட்டுவதை நிறுத்தினார். அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இந்த மாசத்துக்கு முப்பது நாளுதானுங்க. அதுவும் போவட்டும். பதினாறாந்தேதி ஞாயித்துக்கெழமங்க. அன்னிக்கு அந்த மெசினச் சுத்தி நாடா கட்டி நாலு நாளு ஆயிருந்துச்சு. கம்பெனியும் லீவு. நான் கைக்கட்டோட கோயில்ல பூசைக்கு இருந்தனுங்க. பூட்டுன கம்பெனிக்குள்ள வந்து யாருங்க டிக் போட்டது?"

பிரபாகர் சார் தாளை வாங்கிப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஒரு வாரமாக அந்தத் தாள் அவர் ஃபைலில் இருந்திருக்கிறது. நானும் நாலு தடவை தொட்டிருக்கிறேன். நாங்கள் இருவரும் டிக் இருக்கிறதா என்று பார்த்தோமே தவிரத் தாளைப் படிக்கவில்லை.

"மாதையன், இது உங்க கையெழுத்தா?" அன்றைக்கு நான் ஃப்ரெண்ட் இல்லை.

"ஆமாங்க சார்."

"ஏதாவது எழுத்துப் பிழையா இருக்குமா? வேற மாசத்துத் தாள் கலந்துடுச்சா?" குரல் கனிவாகத்தான் இருந்தது. நான் தப்பித்துப் போக ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் புதுத் தாள் ஒன்று பிறந்திருக்கும். சாம்பார்க் கறை விழுந்த தாள்களுக்கு நாங்கள் செய்யாததா? நான் முந்தானைக்குள் இருந்த கையைப் பார்த்தேன்.

"இல்லீங்க சார். ஒண்ணாந்தேதியே மாசம் பூராவுக்கும் போட்டுட்டேன். செக் எல்லாம் ஒருநாளும் பண்ணலீங்க. இவங்களுக்கு டிரெய்னிங்கும் நடக்கல. வட்டம் நான் தீட்டுனது."

பிரபாகர் சார் பேனாவின் நான்கு நிறத்தையும் உள்ளே தள்ளிவிட்டு அதை மேசை மேல் வைத்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "சரிம்மா. அன்னைக்குக் காலையில சூப்பர்வைசர் அந்தப் பட்டனைப் பத்தி உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லியிருக்க வேண்டும். அதுவரை அவ்வளவு உண்மை பேசியவனுக்கு இன்னும் ஒரு வாக்கியம் பாக்கி இருந்தது. டிக் போட்டது சோம்பேறித்தனம். கண்ணுக்கு முன்னால் கொட்டையைப் பார்த்துவிட்டு ஓட்டச் சொன்னது வேறு. அதைச் சொன்னால் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

"ஒண்ணும் சொல்லலீங்க" என்றாள் சகாயமேரி.

அவள் மேல் இருந்த குற்றச்சாட்டை எடுத்துவிட்டார்கள். கை ஆறியதும் பேக்கிங்குக்கே திரும்பி வந்தாள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, பதிவுகளை நேர்மையாக வைத்துக்கொள்வது எப்படி என்று நான்கு மணி நேரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அது இருபது நிமிஷத்தில் முடிந்தது; நான்கு மணி நேரத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். சோதனைத் தாளையும் திருத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களில் சாம்பல் நிறம் அடித்துவிட்டார்கள், இனிமேல் யாரும் தவறிப்போய் ஞாயிற்றுக்கிழமை டிக் போட்டுவிடக் கூடாது என்று.

கொஞ்ச நாள் போனதும் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். பயிற்சியின் அவசியத்தை நேரில் உணர்ந்தவர் என்ற முறையில் மாதையன் பிரஸ் பிரிவுக்குப் பயிற்சியாளராக நியமிக்கப்படுகிறார். நான் சிரிக்கவில்லை. படித்தவர்கள் சிரித்தார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

அதன் பிறகு ஆறு வருடம் நான் அந்த அறைக்குள் போகவில்லை. புதிதாக வந்தவர்களைப் பிரஸ் முன்னாலேயே நிறுத்திச் சொல்லிக்கொடுத்தேன். காலையில் நான்கு சோதனையையும் செய்துவிட்டு அன்றைய கட்டத்தில் மட்டும் டிக் போட்டேன். நாலாவது மாதம் சகாயமேரி வந்து, "நானும் பிரஸ் கத்துக்கறனுங்க சார். மொதல்ல இருந்து" என்றாள். வாடிக்கையாளர்கள் வந்து பார்த்தால் அந்தக் கை கண்ணில் படுமே என்று பிரபாகர் சார் சிவப்பு மையைத் தள்ளினார். படட்டும் என்றேன். என் வாழ்க்கையில் மேனேஜரிடம் சத்தமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். அவள் ஒன்றரை வருடத்தில் முழு வட்டத்துக்கு வந்தாள். ஒவ்வொரு காலாகத் தீட்டினேன். பிரபாகர் சார் பிறகு பதவி உயர்வோடு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அங்கேயும் நல்ல எவிடன்ஸ் சேர்ந்திருக்கும்.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம், கேன்டீனில் அவள் எதிரில் போய் உட்கார்ந்து கேட்டேன். "அன்னிக்கு ஏம்மா சொல்லல? நான் சொன்னத அப்படியே சொல்லியிருக்கலாம்ல."

அவள் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "சொல்லியிருந்தா உங்கள அனுப்பிட்டு வேற ஒருத்தரக் கொண்டாந்திருப்பாங்க. அவரும் வந்து அதையேதான் சொல்லுவாரு. நீங்களா இருந்தா இனிமேட்டு அப்படிச் சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சனுங்க." பிறகு, "அதுக்காவ மன்னிச்சிட்டன்னு நெனச்சுக்காதீங்க சார்" என்றாள். நான் தலையாட்டினேன். மன்னிப்பை நானும் கேட்டிருக்கவில்லை, கேட்கத் தைரியம் இல்லாததால்.

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இதை எழுத உட்காருவதற்கு முன், போன வாரம் ஒரு தடவை கம்பெனிக்குப் போய்ப் பார்த்தேன். போன் செய்த பெண் பயிற்சி அறையைக் காட்டினாள். இப்போது செருப்போடு போகலாம். மேசை மேசையாக டேப்லட். வீடியோ பார்த்துவிட்டுக் கடைசியில் பத்துக் கேள்விக்குப் பதில் தொட்டால் சான்றிதழ் வந்துவிடும். ஒரு பெண் வேகமாகத் தொட்டுக்கொண்டிருந்தாள். தன்னுடையதை முடித்துவிட்டுப் பக்கத்தில் இருந்த ஐந்து டேப்லட்டையும் முடித்துக்கொண்டிருந்தாள். கேன்டீனில் தாள் நீட்டிய எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. சாம்பார்க் கறை மட்டும் இல்லை.

"ஆனா சார், சர்டிபிகேட் வாங்குனாலும் பிரஸ் லைனுக்குள்ள உடனே போக முடியாது" என்றாள் போன் செய்த பெண், குறை சொல்கிற மாதிரி. "அங்க மேரியக்கா ஒருத்தங்க இருக்காங்க. அவங்க கேள்விக்குப் பதில் சொன்னாத்தான் விடுவாங்க. விசிட்டரா இருந்தாலும் சரி. போன மாசம் எங்க மேனேஜரையே திருப்பி அனுப்பிட்டாங்க."

பிரஸ் லைன் வாசலில், நாலாம் நம்பர் பக்கத்தில் சகாயமேரி நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு அட்டை, அதில் அன்றைக்கு உள்ளே வந்தவர்களின் பெயர்கள். அவளுக்கு முன்னால் புதிதாகச் சேர்ந்த எட்டுப் பேர். என்னைப் பார்த்ததும், "வாங்க சார், வூட்ல எல்லாரும் சௌக்கியங்களா?" என்று கேட்டாள். சௌக்கியம் என்றேன். ஒரு அடி எடுத்து வைத்தேன். அவள் வழிவிடவில்லை. இரண்டு விரல் குட்டையான இடது கையை இடது பட்டன் மேல் வைத்தாள்.

"சார், இந்தப் பட்டன் எதுக்குங்க?"

எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்கு அது எல்லோரிடமும் கேட்கிற கேள்வி.

"ரெண்டு கையும் வெளிய இருக்கோணும்னும்மா" என்றேன். "உள்ள போயி கெடந்தா மெசின நிறுத்திட்டு, எடுத்துட்டுத்தான் ஓட்டோணும். எவன் ஓட்டச் சொன்னாலும் ஓட்டக் கூடாது." பிறகு அவளைப் பார்த்துச் சொன்னேன்: "அன்னிக்கே நான் சொல்லியிருக்கோணும்."

"செரிங்க சார்" என்றாள் அவள், அன்றைக்குச் சொன்ன அதே குரலில். அட்டையில் என் பெயரை எழுதி, நேராக ஒரு டிக் போட்டாள். அன்றைய தேதிக்கு மட்டும்.